யதார்த்தவாதமா, இயற்பண்புவாதமா? சிவப்புப் பேனைக்கு விளக்கம் வேண்டும்

விசுவமடுப் பிள்ளை:
வணக்கம். வெளிவாரியாக ஆங்கிலப் பட்டப்படிப்புப் படிக்கிறேன். பகலில் நெல் ஆலையில் கணக்கு எழுதுவதால் இரவில்தான் வாசிப்பு. ஜாக் லண்டன் 1908இல் எழுதிய 'டு பில்ட் எ ஃபயர்' கதையை யதார்த்தவாதம் என்று ஒப்படையில் எழுதினேன். துப்பினால் எச்சில் காற்றிலேயே உறைந்து வெடிக்கிற குளிர், நனைந்த கால், தீக்குச்சியைப் பிடிக்க முடியாத விரல்கள். எல்லாம் கண்ணால் கண்டது போல இருக்கிறதே! திருத்தியவர் அதைச் சிவப்புப் பேனையால் வெட்டி 'இயற்பண்புவாதம்' என்று எழுதிவிட்டார். ஏன் என்று ஒரு சொல்லும் இல்லை. பாடக்குறிப்பில் 'நடுத்தர வர்க்கக் கதை என்றால் முதலாவது, ஏழைகளின் கதை என்றால் இரண்டாவது' என்று இருக்கிறது. அந்த ஆள் ஏழை என்று கதையில் எங்கே வருகிறது?

பரந்தன் பொடியன்:
1865இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு எழுந்தது யதார்த்தவாதம்: ஹொவெல்ஸ், மார்க் ட்வெய்ன், ஹென்றி ஜேம்ஸ். 1890களில் வந்தது மற்றது: கிரேன், நொரிஸ், ட்ரைசர், லண்டன். மூலவர் பிரான்சின் எமில் சோலா. பரம்பரையும் சூழலும் மனிதனை ஆட்டிவைக்கின்றன என்பது கொள்கை. பரீட்சைக்கு இது காணும்.

மாங்குளம் வாத்தியார்:
பரீட்சைக்குக் காணும் தம்பி, பிள்ளை கேட்டதற்குக் காணாது.

பிள்ளை, விபரம் உண்மையாக இருப்பது இரண்டுக்கும் பொது. அதைக் கொண்டு பிரிக்க ஏலாது. இரண்டு நாவல்களிலிருந்து ஒவ்வொரு இரவைச் சொல்கிறேன்.

முதலாவது, ஹொவெல்ஸ் 1885இல் எழுதிய, சைலஸ் லாப்ஹம் என்பவனின் கதை. பெயின்ற் விற்றுப் பணக்காரனான ஆள், நட்டப்பட்டுப் போகிறான். மதிப்பில்லாத ஆலைகளை விபரம் தெரியாதவர்களின் தலையில் கட்டினால் தப்பலாம். இரவு முழுக்க அறைக்குள் நடக்கிறான். அந்தக் காலடிச் சத்தம் மனைவிக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கடைசியில் விற்கவில்லை. சொத்துப் போய், பிறந்த வெர்மொன்ற் ஊருக்கே திரும்புகிறான். நட்டம் அவனுடையது, ஆனால் முடிவும் அவனுடையது.

மற்றது ட்ரைசரின் 'சிஸ்டர் கரி', 1900. சிகாகோவில் ஒரு மதுச்சாலை முகாமையாளர் ஹெர்ஸ்ட்வுட். ஒரு நாள் இரவு முதலாளியின் இரும்புப் பெட்டி பூட்டாமல் கிடக்கிறது. காசை எடுக்கிறார், வைக்கிறார், திரும்ப எடுக்கிறார். காசு கையில் இருக்கும்போது பூட்டு 'கிளிக்' என்று விழுந்துவிடுகிறது. அவர்தான் பூட்டினாரா? ட்ரைசர் அந்தக் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். கோட்டுச் சூட்டோடு திரிந்த மனிதர் அவர். ஏழை, பணக்காரன் என்று பிரித்த குறிப்பை இந்த இடத்திலேயே கிழித்துப் போடலாம்.

நான் இந்த நாவலைப் படிப்பித்த காலத்தில் அந்தப் பக்கத்தை வேகமாகக் கடந்துவிடுவேன். 2009 தை மாதம் விசுவமடுவில், உங்கள் ஊரில்தான், லாண்ட்மாஸ்டர் பெட்டியில் அம்மாவையும் இரண்டு நெல்மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு நின்றேன். தமக்கை வீட்டில் நில்லுங்கோ என்றா மனைவி. நிற்பதென்றுதான் நினைத்தேன். பின்னால் ஹோர்ன் அடித்தார்கள், முன்னால் போன வண்டி புதுக்குடியிருப்புப் பக்கம் போனது, நாங்களும் போய்விட்டோம். பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள், ஏன் அந்தப் பக்கம் போனீர்கள் என்று. கைபிடியைப் பிடித்திருந்தது என் கைதான். அதற்கு மேல் எனக்கு மறுமொழி வராது. அதற்குப் பிறகு அந்தப் பூட்டுப் பக்கத்தை நான் வேகமாக வாசிப்பதில்லை.

உங்கள் ஜாக் லண்டன் கதையில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதையும் எழுதுங்கோ. அப்படிப்பட்ட குளிரில் தனியே போகாதே என்று ஒரு கிழவர் முதலே சொல்லியிருந்தார். அவன் சிரித்தான். அப்போ கொன்றது குளிரா, அவன் திமிரா? திருத்தியவரிடம் கேட்டுப் பாருங்கோ.

கரைவலை (முல்லைத்தீவு):
வாத்தியார் சொன்னதோடு ஸ்டீபன் கிரேனின் 'தி ஓபன் போட்' கதையையும் சேருங்கோ அக்கா. 1897இல் புளோரிடாவுக்கு அப்பால் கப்பல் தாண்டு, கிரேன் உண்மையிலேயே சின்ன வள்ளத்தில் தத்தளித்தவர். கதையில் நாலு பேர். கரை கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் அலை முறியிற இடத்தைத் தாண்ட ஏலாது. கரையில் ஒருத்தன் கோட்டைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டுகிறான். என்ன சொல்கிறான் என்று வள்ளத்தில் இருப்பவர்களுக்கு விளங்கவில்லை. வாடைக் காலத்தில் எங்கட கரையில் நின்று பார்த்தவர்களுக்கு அது கதை இல்லை.

வல்லவன் பிழைப்பான் என்பதுதான் இயற்பண்புவாதம் என்று சிலர் எழுதுகிறார்கள். கிரேன் அதைக் கவிழ்த்துவிட்டார். நாலு பேரில் நன்றாகத் தண்டு வலித்தவன், நீச்சலில் முன்னுக்குப் போனவன், எண்ணெய் போடுகிற தொழிலாளி. செத்தது அவன் ஒருத்தன்தான். காயப்பட்ட கப்டன் பிழைத்துவிட்டார். கடல் ஆளைப் பார்த்து எடுப்பதில்லை. எங்கட பெரியப்பாவும் நல்ல நீச்சல்காரன்.

விசுவமடுப் பிள்ளை:
சேர், கிழவரின் பேச்சை வைத்தே ஒப்படையைத் திரும்ப எழுதுகிறேன். தம்பி, நன்றி. பெரியப்பாவைப் பற்றி வாசித்துவிட்டு அப்படியே கொஞ்ச நேரம் இருந்தேன். சேர், 'சிஸ்டர் கரி' எங்கே எடுக்கலாம்?

மாங்குளம் வாத்தியார்:
என்னிடம் இருக்கிறது. கறையான் அரித்த பிரதி, கடைசிப் பதினைந்து பக்கம் இல்லை. ஹெர்ஸ்ட்வுட்டுக்கு என்ன ஆனது என்று வாயால் சொல்கிறேன், வாங்கோ.