தமிழில், கிறுக்கலாக, கைநாட்டாக: ஐ-485 படிவத்தில் எந்தக் கையெழுத்து செல்லும்?

எடிசன்வாசி:

அம்மா, அப்பா இருவருக்கும் கிரீன் கார்டு விண்ணப்பம் தயாராகிறது. மனுதாரர் நான், அமெரிக்கக் குடிமகன். ஐ-130 (உறவு மனு), ஐ-864 (நிதி ஆதரவு உறுதிமொழி), ஐ-485 (கிரீன் கார்டு விண்ணப்பம்), ஐ-765 (வேலை அனுமதி விண்ணப்பம்) எல்லாம் ஒரே கட்டாகக் காகிதத்தில் போகிறது. கையெழுத்தில்தான் சந்தேகம்.

அம்மா தமிழில்தான் போடுவார். பாஸ்போர்ட்டில் முழுப் பெயரும் இருக்கிறது. இப்போது கை நடுக்கம், முதல் இரண்டு எழுத்தும் ஒரு இழுப்பும்தான் வருகிறது. அப்பாவுக்குப் பக்கவாதத்துக்குப் பிறகு வலது கை வராது. நினைவும் பேச்சும் தெளிவு. என் கையெழுத்து ஒரு சுழி, அடியில் இரண்டு புள்ளி. பெயரில் ஒரு எழுத்துகூடத் தெரியாது.

இவற்றில் எதைத் திருப்பி அனுப்புவார்கள்? தமிழ்க் கையெழுத்துக்கு மொழிபெயர்ப்பு வைக்க வேண்டுமா? அப்பாவுக்காக நான் போடலாமா?

படிவப்பித்தன்:

மூன்றுமே செல்லும். அமெரிக்கக் குடியேற்றத் துறையான யூஎஸ்சிஐஎஸ்-ன் கொள்கைக் கையேட்டில் கையெழுத்துக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது (தொகுதி 1, பகுதி பி, அத்தியாயம் 2). அதன்படி கையெழுத்து படிக்கிற மாதிரி இருக்க வேண்டியதில்லை, ஆங்கிலத்தில் இருக்க வேண்டியதில்லை, எழுத்துகளைச் சேர்த்து எழுதுகிற பாணியிலும் இருக்க வேண்டியதில்லை. வழக்கமாகச் சுருக்கிப் போடுகிறவர் சுருக்கியே போடலாம். அவர்கள் பார்ப்பது உருவத்தை அல்ல: படிவத்தில் உள்ளது தெரிந்து, ஒப்புக்கொண்டு, அந்த ஆளே தன் கையால் போட்ட குறியா என்பதைத்தான். உங்கள் சுழியும் புள்ளியும் அதற்குப் போதும். ஜேக்கப் லூ 2013-ல் அமெரிக்க நிதியமைச்சரானபோது அவர் கையெழுத்து வெறும் வளையங்களின் வரிசையாகத்தான் இருந்தது. டாலர் நோட்டில் அச்சாவதற்காகப் பிறகு திருத்திக்கொண்டார். உங்களுக்கு அந்தக் கட்டாயமும் இல்லை.

மொழிபெயர்ப்பு வேண்டாம். பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் மாதிரி தமிழில் உள்ள ஆவணங்களுக்குத்தான் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு கட்டாயம். கையெழுத்து ஆவணம் அல்ல.

அப்பா விஷயத்தில் உடனே மை டப்பாவைத் தேடாதீர்கள். இடது கையால் பேனா பிடிக்க முடிந்தால் ஒரு பெருக்கல் குறி போட்டாலே அது கையெழுத்துதான். எழுதவே இயலாத நிலையில்தான் கைநாட்டு. அதுவும் சட்டப்படி செல்லும். கைநாட்டு என்றால் கறுப்பு மை, ஒரே ஒரு ஒற்று, அழுத்தித் தேய்க்காமல். அச்சிட்ட வரிகள் மேலோ தேதிக் கட்டத்துக்குள்ளோ ஏறக் கூடாது. வெற்றுத் தாளில் நாலைந்து முறை பழகிவிட்டுப் படிவத்துக்கு வாருங்கள். கூடுதல் தகவல் பக்கத்தில் "பக்கவாதத்தால் எழுத இயலாததால் ரேகை வைக்கப்பட்டது" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்ப்பது நல்லது. கட்டாயமில்லை, ஆனால் படிப்பவருக்குக் குழப்பம் வராது.

நீங்கள் போடக் கூடாது. பிள்ளைக்காகப் பெற்றோர் போடலாம், அதுவும் 14 வயது நிரம்பாத பிள்ளைக்கு. பெற்றோருக்காகப் பிள்ளை போட அப்படி ஒரு வழி கிடையாது.

சான்டியேகோ சுந்தரி:

அம்மாவைப் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே போடச் சொல்லுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் கூடுதல் ஆதாரம் கேட்டுக் கடிதம் வரும். இரண்டு நாள் பழகினால் முழுப் பெயரும் வந்துவிடும். அப்பாவுக்குப் பவர் பத்திரம் எழுதி வாங்கிவிட்டால் வேலை சுலபம்.

படிவப்பித்தன்:

சுந்தரி, இரண்டிலும் நான் மாறுபடுகிறேன். பாஸ்போர்ட் கையெழுத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்று விதி இல்லை. நம் ஊரில் வங்கியில் மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டுக் காசோலையைத் திருப்புவதைப் பார்த்துப் பழகியதால் வருகிற பயம் இது. நடுங்குகிற கையை வற்புறுத்திப் பழைய வடிவத்தை வரையச் சொன்னால், நான்கு படிவத்தில் நான்கு விதமாக வந்து நிற்கும். பார்ப்பவருக்கு அதுதான் உறுத்தும். இன்று அவர் கைக்கு இயல்பாக வருவது எதுவோ, அதையே எல்லாத் தாளிலும் போடட்டும்.

பவர் பத்திரமும் இங்கே உதவாது. புத்தி சுவாதீனம் இழந்து தானே முடிவெடுக்க இயலாதவருக்கு, நீதிமன்றம் நியமித்த காப்பாளரோ, செயலிழந்த பிறகும் செல்லுபடியாகும் "டியூரபிள்" வகை அதிகார ஆவணம் பெற்றவரோ போடலாம். மனம் தெளிவாக இருக்கும் அப்பாவுக்கு அந்த வழி பொருந்தாது. தேவையும் இல்லை.

சான்டியேகோ சுந்தரி:

சரி, ஒப்புக்கொள்கிறேன். பெயர் எழுதும் கட்டத்தையும் கையெழுத்தையும் நான் ஒன்றாக நினைத்துவிட்டேன். கட்டத்தில் மட்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். அதோடு ஒன்று: பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்து விசாவில் "எஃப்என்யூ" (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று வந்தவர்கள் அதைக் கையெழுத்தில் சேர்க்க வேண்டியதில்லை. அது கணினிக்கான நிரப்பல், யாருடைய பெயரும் அல்ல.

எடிசன்வாசி:

நன்றி. அம்மாவும் அப்பாவும் இப்போது டெக்சாஸில் தங்கை வீட்டில். அவர்கள் கையெழுத்தை ஸ்கேன் செய்து அனுப்பினால் நான் இங்கே சேர்த்து அனுப்பலாமா? கிரீன் கார்டில் கிறுக்கல் அப்படியே அச்சாகுமா என்று அம்மாவுக்குக் கவலை வேறு.

ஹூஸ்டன் வாசகி:

ஸ்கேன் செல்லும், ஆனால் எதை ஸ்கேன் செய்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றுக்காகக் கொடுத்த சலுகையை 2022 ஜூலையில் நிரந்தரமாக்கினார்கள். அச்சிட்ட படிவத்தில் பேனாவால் போட்ட கையெழுத்தின் நகல் போதும். நகலோ ஸ்கேனோ ஃபேக்ஸோ, எல்லாம் ஒன்று. மூலத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள், கேட்டால் காட்ட வேண்டும்.

செல்லாதது: வெள்ளைத் தாளில் ஒரு முறை போட்டதைப் படமெடுத்துப் பிடிஎஃப்பில் எல்லா இடத்திலும் ஒட்டுவது. அந்தப் படிவத்தில் யார் கையும் படவில்லை என்பதால் அது கையெழுத்தே இல்லை. கோட்டின் மேல் பெயரைத் தட்டச்சு செய்வது, ரப்பர் முத்திரை, கணினியின் சாய்வெழுத்தில் பெயர் போடுவது எல்லாம் இதே கணக்குதான். இணையத்தில் நேரடியாகத் தாக்கல் செய்யும் படிவத்தில் மட்டும் பெயரைத் தட்டச்சு செய்வதே கையெழுத்தாகும். இரண்டையும் குழப்பிக்கொண்டு பலர் காகிதத்திலும் தட்டச்சு செய்துவிடுகிறார்கள்.

உங்கள் வரிசை இப்படி இருக்கட்டும்: நிரப்பிய பிடிஎஃப்பை முழுதாகத் தங்கைக்கு அனுப்புங்கள், அவர் ஒரு பக்கமும் விடாமல் அச்சிடட்டும், தமிழில் வாசித்துச் சொல்லட்டும், கறுப்புப் பேனாவால் கையெழுத்து வாங்கட்டும். வாசித்துச் சொன்னவர் மொழிபெயர்ப்பாளர் பகுதியில் தன் விவரம் எழுதித் தானும் கையெழுத்துப் போட வேண்டும். நிரப்பியது நீங்கள் என்றால் தயாரித்தவர் பகுதியில் உங்கள் கையெழுத்து. இந்த இரண்டையும் "நாம் வீட்டு ஆட்கள்தானே" என்று காலியாக விடாதீர்கள்.

கார்டு பற்றி அம்மாவுக்குச் சொல்லுங்கள்: 2017 மே மாதம் வந்த புது வடிவத்திலிருந்து கிரீன் கார்டிலும் வேலை அனுமதி அட்டையிலும் கையெழுத்தே அச்சாவதில்லை. நேர்காணலில் திருத்தம் இருந்தால் அதிகாரி முன்னால் மறுபடி போடச் சொல்லலாம். அங்கேயும் அதே இரண்டு எழுத்தும் இழுப்பும்தான்.

படிவப்பித்தன்:

விசித்திரமான கையெழுத்தால் கட்டு திரும்புவதை விட, கையெழுத்தே இல்லாமல் திரும்புவதுதான் உண்மையான ஆபத்து. உங்கள் கட்டில் யார் எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐ-130-லும் ஐ-864-லும் நீங்கள். ஐ-864-க்கு நோட்டரி தேவையில்லை. ஐ-485, ஐ-765 இரண்டிலும் அம்மா தனியாக, அப்பா தனியாக. கட்டணத்தைக் கடன் அட்டையில் எடுக்கச் சொல்லும் ஜி-1450-ல் அட்டை யாருடையதோ அவர், ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் தனித்தனித் தாளில். 2025 அக்டோபர் 28-க்குப் பிறகு பொதுவாகக் காசோலை வாங்குவதில்லை என்பதால் இந்தத் தாள் இப்போது பலர் கட்டில் இருக்கிறது. இதில் கையெழுத்து விட்டுப்போனால் பணம் எடுக்க முடியாது, மொத்தமும் திரும்பக்கூடும்.

திரும்பினால் தாக்கல் தேதியும் கிடைக்காது. பெற்றோர் பார்வையாளர் விசாவில் வந்திருந்தால் ஐ-94 தேதி, அதாவது எதுவரை தங்கலாம் என்ற கெடு, ஓடிக்கொண்டே இருக்கும். திரும்பி வந்த கட்டைக் காட்டி "அன்றே அனுப்பினேன்" என்று சொல்ல முடியாது. வாங்கிக்கொண்ட பிறகு கையெழுத்து செல்லாது என்று கண்டால் இன்னும் மோசம், திருத்த இடம் தராமல் மறுக்கலாம்.

ஒரே ஒரு படிவத்தை மட்டும் வீட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்: ஐ-693. மருத்துவப் பரிசோதனை அறிக்கை அது. பரிசோதிக்கும் சிவில் சர்ஜன் (இதற்கென்று யூஎஸ்சிஐஎஸ் அங்கீகரித்த மருத்துவர்) சொல்லும்போது, அவர் எதிரில்தான் அம்மாவும் அப்பாவும் போட வேண்டும். அப்பாவுக்கு வலது கை வராது என்பதை நேரம் குறிக்கும்போதே அந்த மருத்துவமனையில் சொல்லி வையுங்கள்.

எடிசன்வாசி:

இடது கையால் பெருக்கல் குறி போட வருகிறதாம், தங்கை இப்போதுதான் போட்டுக் காட்டச் சொல்லிப் பார்த்தாள். மை டப்பா வேண்டாம். படிவங்களை இன்று இரவே அவளுக்கு அனுப்புகிறேன்.