ஃபார்மால் எம்: 4 அங்குல ஸ்லீவ் போட்ட பிறகு மூன்றாம் சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைவு

கேள்வி:
1947 மாடல் ஃபார்மால் எம் டிராக்டர், சி-248 எஞ்சின். இழுவைப் போட்டிக்காகப் பிரித்துக் கட்டியது. 3 7/8 அங்குல போருக்கு (சிலிண்டரின் உள்விட்டம்) பதில் 4 அங்குல ஸ்லீவ் (சிலிண்டருக்குள் செருகும் குழாய்), பிஸ்டன் செட். எஞ்சின் கொள்ளளவு 248 கன அங்குலம், இப்போது 264. ஆறு மணி நேரம் ஓடிய பின் கம்ப்ரஷன் 128, 125, 95, 126 பிஎஸ்ஐ. டைனமோமீட்டரில் (சக்தி அளக்கும் கருவி) முழு லோடில் இரண்டு நிமிஷம் நன்றாக இழுக்கிறது, பிறகு ஆர்பிஎம் இறங்குகிறது. பிரீதரில் (கிராங்க் பெட்டியின் காற்றுப்போக்கி) புகையும் வருகிறது. ஹெட்டைக் கழற்றும் முன் எதைப் பார்க்கணும்?

பதில் 1:
நாலு பிளக்கும் வெளியே, த்ராட்டில் முழுக்கத் திறந்து, எஞ்சின் சூடாக இருக்கும்போதுதானே எடுத்தீங்க? அப்படியானால் மூன்றாவதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுங்க. ஏறினால் ரிங் அல்லது ஸ்லீவ். ஏறாவிட்டால் வால்வு, கேஸ்கெட். அடுத்து அந்தப் பிஸ்டனைக் கம்ப்ரஷன் மேல்முனையில் நிறுத்தி பிளக் துளை வழியாக 80 பிஎஸ்ஐ காற்று கொடுங்க. டாப் கியரில் போட்டு பிரேக்கைப் பூட்டாமல் செய்யாதீங்க, கிராங்க் சடாரென்று சுற்றும். கார்பரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சரில் என்றால் எக்ஸாஸ்ட், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது விரிசல்.

கேள்வி கேட்டவர்:
ஆயில் விட்டதும் 95 போய் 121. காற்று பிரீதரில்தான் சீறுகிறது.

பதில் 2:
ஸ்லீவ்தான். இந்த எஞ்சினில் டிரை ஸ்லீவ், தண்ணீர் அதைத் தொடாது; சூடு பிளாக் வழியாகத்தான் போகணும். பிளாக் போரில் துருவோ பிசிரோ இருந்தால் ஸ்லீவ் அந்த இடத்தில் உள்ளே பிதுங்கும். ரிங் அங்கே ஒட்டாது, புகை வரும். பிதுங்கலைச் சுற்றி ஸ்லீவ் பிளாக்கைத் தொடாமல் நிற்கும், சூடு இறங்காது, பிஸ்டன் வீங்கிப் பிடிக்கும். இரண்டு நிமிஷத்தில் இழுவை விழுவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

போர் கேஜில் மேல், நடு, கீழ் மூன்று இடத்தில் குறுக்கும் நெடுக்கும் அளந்து எழுதுங்க. 0.002 அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வெளியே எடுங்க. ஸ்லீவின் வெளிப்புறமே கதை சொல்லும்: பிளாக்கைத் தொட்ட இடம் பளபளக்கும், தொடாத இடம் மங்கிக் கறுத்திருக்கும். பிளாக் போரை ஹோன் செய்து (தேய்கல்லால் தேய்த்து), துடைத்து, அதையும் அளந்த பிறகே புது ஸ்லீவ். நடுவில் கிரீஸ், சீலர் எதுவும் வேண்டாம். ரிங் கேப் (ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி) 0.016 அங்குலம், கவிழ்த்த பிஸ்டனால் ரிங்கை நேராகத் தள்ளி ஃபில்லர் கேஜில் பாருங்க. கேப் குறைந்தால் சூட்டில் முனைகள் முட்டிச் சுவரைக் கீறும்.

பதில் 3:
ஸ்லீவ் சொன்னது சரி, ஆனால் பெட்ரோல் ஓட்டத்தையும் பார்த்துடுங்க. கார்பரேட்டர் வடிகால் பிளக்கைக் கழற்றினால் தாரை அறாமல் விழணும். மெலிந்தால் செடிமென்ட் பவுல் வலை, டேங்க் மூடியின் காற்றுத்துளை.

திரும்பக் கட்டியதும் சூடு ஏற்றி, ஆறவிட்டு, ஹெட் போல்ட்டை மறுபடி டார்க் ரெஞ்சில் முறுக்குங்க. அதன்பின் டேப்பெட் (வால்வு) இடைவெளி மாறியிருக்கும், சூட்டில் 0.017 அங்குலம் வையுங்க. டைனமோமீட்டரில் 1450 ஆர்பிஎம் எண்ணை மட்டும் பார்க்காதீங்க. போட்டியில் இழுக்கும் ஸ்லெட்டின் (சறுக்கு வண்டி) எடை முன்னால் நகர நகர எஞ்சின் ஆர்பிஎம் கீழே இறங்கும். லோடைக் கூட்டி 1300, 1150, 1000 எல்லாம் குறிங்க. குதிரைத்திறனை 5252-ஆல் பெருக்கி எஞ்சின் ஆர்பிஎம்மால் வகுத்தால் டார்க் (முறுக்கு விசை). 1450-இல் 45 என்றால் 163 பவுண்டு-அடி. 1000-இல் 36 என்றால் 189. அந்த 189 தான் போட்டியின் 300 அடி முடிவுக் கோடு வரை தள்ளும்.