அயர்லாந்து கோட்டாவும் நம்மூரு 50%மும்

பள்ளத்தூர்க்காரி: மக அயர்லாந்துல இருக்கா. அங்க பாராளுமன்ற தேர்தல்ல கட்சிங்க 40% பெண்கள நிறுத்தலன்னா அரசாங்கம் குடுக்குற பணத்துல பாதி கட் ஆயிடுமாம். அப்ப நம்ம பஞ்சாயத்துல பெண்களுக்கு இருக்குற 50% தானே பெருசு?

சும்மா_ஒரு_ஆளு: ரெண்டும் வேற ஆச்சி, இங்க சீட்டையே ஒதுக்குறோம், அங்க வேட்பாளர் கணக்கு மட்டும்தான். 2012ல சட்டம், 2016 தேர்தல்ல 30%, 2023ல 40 ஆச்சு, ஆனா 2024ல 174 சீட்டுல ஜெயிச்ச பெண்கள் 44 பேரு. அங்க உள்ளாட்சிக்கு அந்த கோட்டாவே இல்ல!

தேவகோட்டையான்: இங்க மட்டும் என்னவாம், பக்கத்தூர்ல தலைவரம்மா சீட்டுல அவுக வீட்டுக்காரர் உக்காந்து சீல் குத்துறாரு, அந்தம்மா பட்டாலைல வந்தவுகளுக்கு காபி ஆத்துறாக

பள்ளத்தூர்க்காரி: அந்த சீல முதல்ல புடுங்கணும் தம்பி