புதுப்பிப்பு: ஒருவழியாகத் தெரபிஸ்ட் கிடைத்துவிட்டார்

நான்கு மாதம் முன்பு இங்கே புலம்பியிருந்தேன், நினைவிருக்கலாம்: பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு (உணர்ச்சிகள் கட்டுக்கடங்காமல் பொங்கும் மனநலப் பிரச்சினை) என்று மனநல மருத்துவர் சொல்லிவிட்டார், மாத்திரையும் எழுதிவிட்டார், ஆனால் பேச்சு சிகிச்சைக்கு சென்னையில் யாரிடம் போவது என்று. பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி, தனிச்செய்தியில் ஜாதகம் கேட்டவர் உட்பட.

முதலில் போன இடம் சரிவரவில்லை. இரண்டாவது தடவையே "கல்யாணம் ஆனா சரியாயிடும்மா" என்றார் அந்த அம்மா. எழுந்து வந்துவிட்டேன், ஆட்டோவில் ஒரே அழுகை. அப்புறம் இங்கே ஒருவர் சொன்னபடி போனிலேயே இரண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தேன்: ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் உண்டா, டி.பி.டி.யில் (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி, இந்தக் கோளாறுக்குத் தரும் பேச்சு சிகிச்சை) பயிற்சி எடுத்திருக்கிறீர்களா. கவுன்சிலர் என்று யாரும் பலகை மாட்டிக்கொள்ளலாம், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் அந்தக் கவுன்சிலில் பதிவு வேண்டும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. பாதிப் பேர் கேள்விக்கே கோபப்பட்டார்கள். ஏழாவது ஆள் பதிவு எண்ணையும் சொல்லி, "நல்லா செக் பண்ணிட்டே வாங்க" என்றார். அவரிடம்தான் இப்போது வாராவாரம் போகிறேன்.

டி.பி.டி. என்பது அமெரிக்காவில் மார்ஷா லினஹன் உருவாக்கிய முறை; பேச்சைவிட வீட்டுப்பாடம்தான் அதிகம். தினமும் கோபம், ஏக்கம், கையைக் கீறிக்கொள்ளும் எண்ணம் எல்லாவற்றுக்கும் அட்டையில் மதிப்பெண் போட வேண்டும். உணர்ச்சி தலைக்கேறினால் ஐஸ் தண்ணீரில் முகத்தை முக்க வேண்டும் (இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்யாதீர்கள்). போன செவ்வாய் இரவு எவர்சில்வர் பேசினில் முகத்தோடு நின்றபோது அம்மா வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் துண்டை நீட்டினாள்.

நடுராத்திரியில் யாரிடம் பேசுவது என்று கேட்டிருந்தவருக்கு: டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம்.