சொந்த பைக்கில் ரேஸ் ஓட்ட இனி யாரால் முடியும்?

டூஸ்ட்ரோக்_கோவை

சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கின் பேடாக்கில், அதாவது அணிகள் பைக்குகளைத் தயார் செய்யும் இடத்தில், ஒரு முறை நடந்து பாருங்கள். நிறுவனக் கூடாரங்கள் வரிசையாக நிற்கும். டாட்டா ஏஸில் சொந்த பைக்கை ஏற்றிக்கொண்டு, ஒரு மெக்கானிக்கையும் ஒரு நண்பனையும் கூட்டிக்கொண்டு வருகிறவர்களை ஓரத்தில் தேட வேண்டும். அவர்கள் குறைந்துகொண்டே வருவதாகத்தான் எனக்குத் தெரிகிறது. கேட்டால் எல்லோரும் சொல்வது ஒரே பதில்: "எல்லா விலையும் ஏறிப்போச்சு."

இந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. பைக் விலையையே எடுத்துக்கொள்வோம். 2008 இல் யமஹா ஆர்15 வந்தபோது ஷோரூம் விலை ஒரு லட்சத்துக்குச் சற்றுக் கீழே. இன்றும் அது இரண்டு லட்சத்துக்குள்தான். 2025 செப்டம்பரில் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனதும் இன்னும் கொஞ்சம் இறங்கியது. இத்தனை வருடத்தில் இரட்டிப்புகூட ஆகவில்லை. இதே காலத்தில் நம் வீட்டு வாடகை எவ்வளவு ஏறியது என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படியானால் பணம் எங்கே போகிறது? டயரில். ஈசியுவில், அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியில். பந்தயத்துக்கு முன்னால் எடுக்கும் பயிற்சி நாட்களில். இவை மூன்றுமே விதிப்புத்தகம் திறந்துவிட்ட கதவுகள். எதை மாற்றலாம், எத்தனை டயர் போடலாம் என்று விதி சும்மா இருக்கும் இடத்தில், பணம் உள்ளவர் ஒரு படி ஏறுவார். மற்றவர்களும் பின்னாலேயே ஏற வேண்டும், இல்லையென்றால் கடைசி வரிசையில் நிற்க வேண்டும்.

என் யோசனை இது. கிளப் அளவில் தனியாக ஒரு வகுப்பு வேண்டும். 150 முதல் 160 சிசி வரை, பழைய பைக். கம்பெனியில் வந்த ஈசியுவைத் தொடக்கூடாது. யாரும் திறக்காதபடி எஞ்சினுக்கு சீல். இந்தியாவில் தயாராகும் ஒரே மாடல் டயர், ஒரு சுற்றுப் போட்டிக்கு, அதாவது ஒரு பந்தய வாரத்துக்கு, ஒரு செட் மட்டும். கடைசியாக, யார் வேண்டுமானாலும் ஜெயித்தவரின் எஞ்சினை முன்பே அறிவித்த விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு விதி. எஞ்சினில் 2 லட்சம் போட்டவர் அதை 40,000 ரூபாய்க்கு விட்டுக்கொடுக்க வேண்டி வந்தால், அடுத்த முறை 2 லட்சம் போட மாட்டார்.

சி1_மார்ஷல்

அண்ணா, நோக்கத்தில் உங்களோடு நிற்கிறேன். வழியை ஏற்க முடியாது.

முதலில், செலவில் பெரும்பகுதியை நீங்கள் விட்டுவிட்டீர்கள். நான் கொடி பிடித்து நிற்கிறவன். ஒரு பந்தய வாரத்துக்கு ஆம்புலன்ஸ், மருத்துவர், ஒவ்வொரு வளைவிலும் மார்ஷல்கள், காப்பீடு, டைமிங் கருவி, டிராக் வாடகை என்று எல்லாம் சேர்ந்துதான் நுழைவுக் கட்டணம். 2023 ஆகஸ்டில் இதே டிராக்கில் தேசியப் போட்டியின்போது 13 வயதுச் சிறுவன் இறந்தான். அந்த வாரத்தின் மீதிப் பந்தயங்கள் ரத்தாயின. அதற்குப் பிறகும் "செலவைக் குறை" என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. எதைக் குறைப்பது? மார்ஷலையா, டாக்டரையா?

இரண்டாவது, மலிவான வகுப்பு ஏற்கனவே இருக்கிறது. 1994 இலிருந்து டிவிஎஸ் ஒன் மேக், அதாவது எல்லோரும் ஒரே நிறுவனத்தின் பைக்கில் ஓட்டும் போட்டி, நடக்கிறது. பைக் அவர்களுடையது, மெக்கானிக் அவர்களுடைய ஆள், டயர், பெட்ரோல் எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஹோண்டாவும் டேலன்ட் கப் நடத்தியது. ஹெல்மெட்டும் லெதர் சூட்டும் எடுத்துக்கொண்டு போனால் ஓட்டலாம். சொந்தக் காசில் யாராலும் இவ்வளவு மலிவாக ஓட்ட முடியாது.

கியர்_நிலா

மார்ஷல் அண்ணா, அந்தக் கதவு எல்லோருக்கும் திறந்ததில்லையே. ஒன் மேக் போட்டிக்கு முதலில் தேர்வு. லேப் டைம் பார்த்து, குறைந்த இடங்களுக்கு ஆள் எடுக்கிறார்கள். அந்த லேப் டைம் வருவதற்கு முன்பே நான் டிராக்கில் பழகியிருக்க வேண்டும். பழகுவதற்கு சொந்த பைக், சொந்த டயர், பயிற்சி நாள் கட்டணம். செலவு ஒழியவில்லை, கதவுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது.

பெண்களுக்கான வகுப்பை நிறுவனங்கள் நடத்தியதால்தான் நான் உள்ளே வந்தேன், அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் நிறுவனம் தேடுவது நாளைய சாம்பியனை. அதில் தப்பே இல்லை, அவர்கள் போடும் பணத்துக்கு அதுதான் நியாயம். முப்பத்தைந்து வயதில், வங்கியில் வேலை பார்த்துக்கொண்டு, பதினைந்தாம் இடத்துக்காகச் சண்டை போட ஆசைப்படுகிறவரை எந்த நிறுவனமும் தேடாது. கிளப் ரேஸ் என்பது அவருக்காகத்தான் தொடங்கியது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பை 1953 இல் ஆரம்பித்தவர்களும், சோழவரத்தில் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் ஓட்டியவர்களும் பெரும்பாலும் வேறு வேலை பார்த்துக்கொண்டு ஆசைக்கு ஓட்டியவர்கள்தானே?

அம்பத்தூர்_மெக்கானிக்

சீல் பற்றி நான் பேசுகிறேன், அது என் வேலை.

டூ ஸ்ட்ரோக் காலத்தில் என்ன இருந்தது? ஆர்எக்ஸ்100, 98 சிசி, 11 குதிரைத்திறன். ஷோகன், 108 சிசி, 14. சிலிண்டரைக் கழற்றி போர்ட்டை ராவி எடுப்போம். ஹெட்டைக் கொஞ்சம் கடைந்து கம்ப்ரஷனை ஏற்றுவோம். மெயின் ஜெட் மாற்றுவோம். சைலன்சரைத் தகட்டில் நாங்களே வெட்டி வெல்டு வைப்போம். கையும் காதும் தெரிந்த ஆள் போதும். பிஸ்டன் பிடித்துக்கொண்டால் அங்கேயே ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம். ஆனால் அடிக்கடி பிடிக்கும், அடிக்கடி மாற்ற வேண்டும், அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் காலம் இலவசம் இல்லை. செலவு சின்னச் சின்னதாக, உள்ளூரிலேயே, கடன் சொல்லக்கூடிய இடத்தில் இருந்தது.

இப்போது ஃபோர் ஸ்ட்ரோக், ஃபூயல் இன்ஜெக்ஷன். கேம் மாற்றினால் வால்வு ஸ்பிரிங் மாற்ற வேண்டும். ஸ்பிரிங் மாற்றினால் ஆர்பிஎம், அதாவது எஞ்சின் சுழலும் வேகம், ஏறும். ஆர்பிஎம் ஏறினால் பழைய ஈசியு வெட்டிவிடும், வேறு ஈசியு வேண்டும். அதற்கு மேப் போட டைனோ, அதாவது எஞ்சின் திறனை அளக்கும் கருவி, வேண்டும். ஒரு பொருள் அடுத்ததை இழுக்கும், அதில் பாதி வெளிநாட்டுச் சரக்கு. டாலர் 60 ரூபாய் இருந்தபோதே கையைக் கடித்தது. இப்போது கேட்கவே வேண்டாம்.

அதனால் ஈசியுவைத் தொடாதே என்ற விதியோடு நான் முழுக்க ஒத்துப்போகிறேன். அந்த ஒரு கதவை மூடினால் பின்னால் உள்ள நான்கு கதவுகள் தானே மூடும். சீல் மட்டும் வேண்டாம். சீல் வைத்தால் திறக்க ஆள் வேண்டும், பார்க்க ஆள் வேண்டும், சந்தேகம் வந்தால் சண்டை. டைனோவில் ஏற்றி, இத்தனை குதிரைத்திறனுக்கு மேல் காட்டினால் முடிவு செல்லாது என்று வைத்தால் போதும்.

டூஸ்ட்ரோக்_கோவை

மெக்கானிக் அண்ணன் சொல்கிற டைனோ வரம்பு எனக்கும் சம்மதம், சீலை விட்டுவிடலாம்.

மார்ஷல் தம்பிக்கு: மருத்துவரையோ ஆம்புலன்ஸையோ நான் தொடவே இல்லை. மேலே போய்ப் பாருங்கள், நான் சொன்ன எல்லாமே பைக்கின் மேல் போகிற பணம். நுழைவுக் கட்டணம் இன்னும் கூட ஆனாலும் கொடுப்பேன், அது என் உயிருக்கான பணம். ஆனால் காலையில் ஒரு செட், மதியம் ஒரு செட் என்று மென்மையான ரப்பர் டயர் மாற்றுவதால் யாருடைய உயிரும் காக்கப்படுவதில்லை. இரண்டு செலவையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். பாதுகாப்பு என்று சொல்லிவிட்டால் யாரும் எதிர்த்துப் பேச முடியாது, அந்த நிழலில் மற்ற செலவுகளும் ஒதுங்கிக்கொள்கின்றன.

மேலே உள்ளவர்களே செலவுக்குக் கடிவாளம் போட்டிருக்கிறார்கள். உலக பைக் பந்தயத்தின் உச்ச வகுப்பான மோட்டோஜிபியில் 2009 இலிருந்து எல்லோருக்கும் ஒரே டயர் நிறுவனம். 2010 இல் அதற்கு அடுத்த வகுப்பான மோட்டோ2 தொடங்கியபோது எல்லோருக்கும் ஒரே ஹோண்டா 600 எஞ்சின். கோடி கோடியாகக் கொட்டுகிற இடத்திலேயே இது தேவைப்பட்டது. கிளப் ரேஸுக்கு வேண்டாமா?

சி1_மார்ஷல்

அதே மோட்டோஜிபியை வைத்தே பதில் சொல்கிறேன். நீங்கள் கேட்கும் எஞ்சின் வாங்கும் விதி அங்கே 2012 இல் சிஆர்டி அணிகளுக்கு, அதாவது குறைந்த செலவில் ஓட்டும் தனியார் அணிகளுக்கு, வந்தது. 20,000 யூரோ கொடுத்தால் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எடுத்துக்கொள்ளலாம், கியர்பாக்ஸ் இல்லாமல் 15,000. 2014 இல் அந்த வகையே போய் ஓப்பன் வகை வந்தது. உலக அளவில் நிலைக்காததை நம் பேடாக்கில் எப்படி நிறுத்துவீர்கள்? அண்ணன் தம்பி மாதிரி ஸ்பானர் மாற்றிக்கொள்கிற இடம் இது. ஒருவன் ராத்திரி பகல் பார்த்துக் கட்டிய எஞ்சினை இன்னொருவன் பணத்தை நீட்டி எடுத்துக்கொண்டு போனால், அதன் பிறகு அங்கே யாரும் யாருக்கும் ஸ்பானர் கொடுக்க மாட்டார்கள்.

டயர் விஷயத்தில் இன்னொன்று. உள்ளூர் டயர்தான் போட வேண்டும் என்று கட்டாயப்படுத்தி, பிடிமானம் குறைந்து ஒருவன் சி1 என்ற முதல் வளைவில் விழுந்தால்? அந்த வளைவுக்கு நேர்ப்பாதையின் முழு வேகத்தில் வருகிறார்கள். அங்கே நிற்பது நான்.

ஆவடி_அப்பா

என் மகன் ரேஸ் ஓட்டுகிறான். அதனால் பணக் கணக்கு எனக்கு மனப்பாடம். உள்ளூரில் அளவெடுத்துத் தைத்த லெதர் சூட்டே முப்பது நாற்பதாயிரத்துக்குக் குறையாது. பையன் வளர்கிற வயது, சூட் வளராது. அப்புறம் ஹெல்மெட், பூட்ஸ், கையுறை, முதுகுக் காப்பு. ஒரு முறை விழுந்தால் கிளிப் ஆன், லிவர், ஃபேரிங் எல்லாம் போகும். விழாமல் ரேஸ் கற்றுக்கொள்ள முடியாது. இதில் ஒரு பைசாகூட நான் குறைக்கத் தயாரில்லை, மார்ஷல் தம்பி பக்கம்தான் நிற்பேன்.

ஆனால் நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. இவனோடு பழகின இரண்டு பையன்கள் செலவு தாங்காமல் நிறுத்திவிட்டார்கள். ஆசை நிற்கவில்லை. சனிக்கிழமை ராத்திரி ஈசிஆரில் ஓட்டுகிறார்கள். அங்கே மார்ஷலும் கிடையாது, டாக்டரும் கிடையாது, எதிரில் லாரி வருகிறது. டிராக்குக்கு வரும் செலவு எட்டாத உயரத்துக்குப் போனால் இந்த விளையாட்டு நின்றுவிடாது, ரோட்டுக்குப் போய்விடும். பாதுகாப்பு என்று பேசும்போது அந்தப் பையன்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கியர்_நிலா

அப்பா சொன்னதற்கு மேல் இதில் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. டயர் பற்றி மட்டும்.

மார்ஷல் அண்ணா, எல்லோரும் ஒரே டயரில் இருந்தால் எல்லோரும் ஒரே இடத்தில்தான் பிரேக் பிடிப்பார்கள். ஒருவரிடம் இறக்குமதி டயரும் அதைச் சூடாக்கும் வார்மரும், பக்கத்தில் இருப்பவரிடம் மூன்று சுற்றுப் போட்டி பார்த்த பழைய டயரும் இருக்கும்போதுதான் ஆபத்து அதிகம். பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரின் பிரேக் புள்ளியை நம்பிப் போகிறார், டயர் அவரைக் கைவிடுகிறது. காசில்லாதவர் தேய்ந்த டயரோடு ஓட்டுவதை நானே பக்கத்தில் பார்த்துக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். ஒரு சுற்றுக்கு ஒரு புதிய செட் கட்டாயம், அதன் விலையை நுழைவுக் கட்டணத்திலேயே சேர்த்துவிடுங்கள். தேய்ந்த டயர் என்ற பேச்சே இருக்காது.

இங்கிலாந்தில் பெம்சீ என்று ஒரு கிளப், 1909 இல் தொடங்கியது. அங்கே மினிட்வின்ஸ் வகுப்பில் பெரும்பாலும் பழைய சுசூகி எஸ்வி650 தான். பழைய பைக்கை வாங்கி, குறைந்த மாற்றங்களோடு ஓட்டுகிறார்கள். அந்த எஸ்வி650 இடத்தில் இங்கே ஆர்15 இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் கிடைக்கும், உதிரிப் பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும்.

அம்பத்தூர்_மெக்கானிக்

நிலா சொல்கிற டயர் யோசனை சரி. ஆனால் அது நடக்க வேண்டுமென்றால் குறைந்தது இருபது பைக்காவது வர வேண்டும், அப்போதுதான் டயர் கம்பெனியிடம் மொத்த விலை பேச முடியும்.

எஞ்சின் வாங்கும் விதியில் நான் மார்ஷல் பக்கம். டைனோ வரம்பு இருந்தால் அது தேவையே இல்லை. நான் ராத்திரி உட்கார்ந்து கட்டின எஞ்சினை அறிவித்த விலைக்குக் கொடு என்றால் மனசு ஒப்பாது.

டூஸ்ட்ரோக்_கோவை

எஞ்சின் விதியை நான் இன்னும் விடத் தயாரில்லை. டைனோ ஒரு நாளைய உச்சத் திறனை மட்டும்தான் காட்டும். அந்த உச்சத்தைத் தொடாமலேயே நடு ஆர்பிஎம்மில் இழுவையைக் கூட்ட பணம் கொட்டலாம், அது மெக்கானிக் அண்ணனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மோட்டோஜிபியில் சிஆர்டி போனதற்கு அந்த விதி காரணம் என்று சொல்லவும் முடியாது, வகுப்பையே வேறு மாதிரி மாற்றினார்கள். ஆனால் இதற்காக மற்ற நான்கையும் நிறுத்தி வைக்க வேண்டாம். ஈசியு, டைனோ வரம்பு, ஒரே டயர், பழைய பைக். இந்த நான்கில் யாருக்கு மறுப்பு?

சி1_மார்ஷல்

டயர் விலை நுழைவுக் கட்டணத்தில் சேர்ந்து, டயர் மாடலை ஓட்டுநர்கள் முன்கூட்டியே ஒரு நாள் சோதித்துப் பார்த்து ஏற்றுக்கொண்டால், எனக்கு மறுப்பு இல்லை. இன்னொரு நிபந்தனை: முதல் வருடம் இதை இருங்காட்டுக்கோட்டையில் வைக்காதீர்கள். 3.7 கிலோமீட்டர் டிராக், நீள நேர்ப்பாதை, மார்ஷல்கள் நிறைய வேண்டும். கோவையில் கரி ஸ்பீட்வே இரண்டு கிலோமீட்டர் சொச்சம்தான். வேகமும் குறைவு, ஆட்களும் குறைவாகப் போதும். புதியவர்கள் பழக அதுதான் ஏற்ற இடம்.

எஞ்சின் வாங்கும் விதி வந்தால் மட்டும் நான் எதிர்த்துக் கையெழுத்துப் போடுவேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஆவடி_அப்பா

கோவை என்றால் எங்களுக்கு வண்டிச் செலவு ஐநூறு கிலோமீட்டர் கூடுகிறது, தம்பி. ஒரே டாட்டா ஏஸில் இரண்டு பைக் ஏற்றிக்கொள்ள யாராவது ஆவடி, அம்பத்தூர் பக்கம் இருந்தால் சொல்லுங்கள். பாதி வாடகை நான் தருகிறேன்.

அம்பத்தூர்_மெக்கானிக்

நான் வருகிறேன் சார். என்னிடம் ஒரு பழைய ஆர்15 இருக்கிறது, ஈசியு கம்பெனியில் வந்ததுதான்.