அப்பாட லேணர்ஸ் மைனர்: கொம்பனியால வந்த மாதிரியே ஆக்குறதா?

உவர்மலைக்காரி

வணக்கம். எங்களிட்ட 1959 மொரிஸ் மைனர் 1000 ஒண்டு நிக்குது, நாலு கதவு. அப்பா திருகோணமலையில ட்ரைவிங் பழக்கின கார். மக்கெய்சர் மைதானத்தைச் சுத்திப் பழக்கி, பிறகு உவர்மலை ஏத்தத்தில பாதியில நிப்பாட்டி, ஹாண்ட் பிரேக்கை விட்டுப் பின்னுக்கு உருளாம எடு பாப்பம் எண்டுவார். இப்ப கார் என்ர பேரில. கனடாவில இருக்கிற தம்பி, "அக்கா, காசு நான் அனுப்புறன், கொம்பனியால வந்த மாதிரியே செய்யுங்கோ" எண்டு ஒற்றைக் காலில நிக்கிறான்.

என்ஜின் எண்பதுகளில போட்ட டட்சன் ஏ12, ஐந்து கியர். கார்ப் புத்தகத்திலயும் அந்த நம்பர்தான். காரோட வந்த பழைய 948 சிசி என்ஜின் கொட்டிலுக்குள்ள சாக்கு மூடிக் கிடக்குது. கதவுத் தூணுக்குள்ள இருந்து நீட்டுற கை சிக்னலைக் கழட்டிப்போட்டு அப்பா மஞ்சள் லைட் பூட்டினவர். வெளியில வெள்ளைப் பெயின்ற், டாஷ்போட்டுக்குக் கீழ சுரண்டினா சாம்பல் நிறம் தெரியுது. கூரையில எல் போட் பூட்டின ஓட்டைகளும் இருக்கு.

பிறகு அந்தப் பெடல். இடப் பக்கம் அப்பாவுக்கெண்டு ஒரு பிரேக், ஒரு கிளச், குறுக்கால கம்பி போட்டு வெல்ட் பண்ணினது. ஓடுறவர்ட பிரேக் ரப்பரில இன்னும் வரி தெரியுது. அப்பாட பக்கத்து ரப்பர் வழுவழுவெண்டு தேய்ஞ்சு நடுவில இரும்பே தெரியுது. ஆர் எப்பிடி ஓடப் பழகினவை எண்டு அதைப் பாத்தாலே விளங்கும்.

தம்பி சொல்லுற கார் படத்தில பாக்க வடிவுதான். ஆனா நான் கிழமையில ஒருக்கா இதை எடுத்துக்கொண்டு நிலாவெளி வரைக்கும் ஓடுறனான். என்ன செய்யலாம்?

ஈஸ்ட்ஹாம் தம்பி

அக்கா, உங்கட தம்பி சொல்லுறது சரி. சொந்த என்ஜின் கையில இருக்கிற மைனர் லேசில கிடைக்காது. முதல்ல செசி நம்பரைக் குடுத்து, இங்கிலாந்தில கேடனில இருக்கிற பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்திட்ட ஹெரிட்டேஜ் சேர்ட்டிபிக்கற் எடுங்கோ. கார் எந்த நாள் கட்டினது, என்ன நிறம், எந்த என்ஜின் நம்பர் எண்டு பழைய பேரேட்டைப் பாத்துத் தருவினம். அந்த நம்பரும் கொட்டிலுக்குள்ள கிடக்கிறதும் ஒண்டெண்டா யோசிக்கவே தேவையில்லை. இங்க லண்டனில மைனருக்குக் கிடைக்காத சாமான் இல்லை, ரப்பரில இருந்து வயரிங் வரைக்கும் புதுசா வாங்கலாம். பெடலைக் கழட்டிப் பெட்டிக்குள்ள வையுங்கோ. வேறை ஆக்கள் செய்த மாற்றத்தையெல்லாம் வைச்சிருந்தா அது வெறும் பழைய கார்தான்.

வாவிக்கரை மைனர்

நான் மட்டக்களப்பு. என்னட்ட 1957 கார், எல்லாம் ஒரிஜினல், 948தான். 37 குதிரைவலு. கோணேசர் கோயிலுக்கு ஏ15 றோட்டால வாறனான். பின்னால பஸ் வந்து ஹோர்ன் அடிச்சா ஒதுங்கி விடவேணும், வேறை வழியில்லை. முதல் கியருக்கு சின்க்ரோ (பல்லுகளை ஒரே வேகத்துக்குக் கொண்டுவாற வளையம்) இல்லை, கார் உருளேக்க போட்டா கரகரவெண்டு கத்தும். கை சிக்னல் அழகுதான், ஆனா இரவில அந்தச் சின்ன மினுக்கத்தை ஓட்டோக்காரன் கண்டு நிப்பாட்டுவான் எண்டு நம்பி வலப் பக்கம் திருப்பாதேங்கோ.

ஈஸ்ட்ஹாம் தம்பிக்கு ஒரு கேள்வி. எந்த நாளுக்குத் திருப்பச் சொல்லுறீங்கள்? என்ர காரில அப்பப்பா 1958 ஸ்ரீ எதிர்ப்பு நேரம் நம்பர் பிளேட்டில இருந்த சிங்கள ஸ்ரீயை அழிச்சுத் தமிழில எழுதி ஓடினவர். ஒக்ஸ்போர்ட் கொம்பனியில இருந்து அப்பிடி வரேல்லைத்தானே!

கன்னியா றோட்டு பாஸ்

பிள்ளை, உங்கட அப்பாவைத் தெரியும். நல்ல மனுசன், கடனுக்கு வேலை செய்விக்கமாட்டார்.

என்ஜினைப் பத்திப் பிறகு கதைப்பம். கடல் காத்தில நிண்ட கார், முதல்ல கறளைப் பாருங்கோ. காந்தத் துண்டு ஒண்டை எடுத்து கதவுக்குக் கீழ இருக்கிற சில் தகடு நீளத்துக்குத் தேய்ச்சுக்கொண்டு போங்கோ. ஒட்டாத இடத்தில தகரம் இல்லை, பட்டிதான். பின்பக்க வில்லுத் தகடு பூட்டுற இடம், ட்ரைவர்ட காலுக்குக் கீழ, தரைக்குக் கீழ குறுக்கால போற மெம்பர் சட்டம், இந்த மூண்டும் சரியெண்டா கார் இன்னும் ஓடும். சரியில்லாட்டி எந்த என்ஜினைப் போட்டும் பிரயோசனமில்லை. ஜக் அடிச்சு முன் சில்லை ஆட்டியும் பாருங்கோ. முன் சில்லைத் தாங்கித் திருப்புற மரை மூட்டு, அந்தக் கீழ் ட்ரனியனுக்கு கிறீஸ் அடிக்காம விட்டா மரை தேய்ஞ்சு ஒருநாள் சில்லு மடிஞ்சு படுத்திடும்.

அடுத்தது, ஐந்து கியர் பெட்டி வைக்கேக்க நடுத் தரையை வெட்டினவையோ எண்டு பாக்கவேணும். வெட்டாம பூட்டியிருந்தா எப்பவும் திருப்பலாம், அவசரமில்லை. வெட்டினதெண்டா கொம்பனி நிலை எண்டது பெரிய தகர வேலை.

பிரேக்தான் எனக்குப் பயம். 948க்குப் போட்ட ஏழு இஞ்சி ட்ரம்மில ஏ12ஐ ஓடுறது பிழை. 1962க்குப் பிறகு வந்த 1098 சிசி மைனரின்ர எட்டு இஞ்சி முன் ட்ரம் செற் தேடிப் போடுங்கோ. அதுவும் மொரிஸ் சாமான்தான், லண்டன் தம்பி கோவிக்கமாட்டார்.

உவர்மலைக்காரி

எல்லாருக்கும் நன்றி. காந்தம் வைச்சுப் பாத்தன். இடப் பக்கச் சில் தகட்டில பாதிக்கு மேல ஒட்டேல்லை. வில்லுத் தகட்டு இடம் கெட்டி. நடுத் தரையைக் கொஞ்சம் வெட்டித்தான் இருக்கினம்.

தம்பியோட ராத்திரி கதைச்சன். அவன்ர காசு முதல்ல கறளுக்கும் பிரேக்குக்கும் போகட்டும், சேர்ட்டிபிக்கற் எடுத்து அதில சொல்லுற நிறத்தையே அடிப்பம் எண்டன். அதுக்கு ஓம் எண்டவன். 948ஐக் கழுவி, சிலிண்டருக்குள்ள ஒயில் விட்டு, சாக்கை எறிஞ்சுபோட்டுப் பெட்டி அடிச்சு வைக்கப்போறன். ஏ12 நிக்கும். கூரை ஓட்டையை அடைக்கிறது, மழை ஒழுகுது.

பெடல் விஷயத்தில அவன் இன்னும் சம்மதிக்கேல்லை. உன்னை லைசன்ஸ் எடுக்க விட்டதே அந்தப் பிரேக்தான் எண்டு சொல்லி போனை வைச்சிட்டன்.

ஈஸ்ட்ஹாம் தம்பி, அந்த சில் தகடு ரெண்டும் அங்க என்ன விலை? பாஸ், காரை எப்ப கொண்டுவரலாம்?

கன்னியா றோட்டு பாஸ்

வெள்ளிக்கிழமை காலமை. கார்ப்பெட்டையும் முன் சீற்றையும் கழட்டிப்போட்டு வாங்கோ, எனக்கு நேரம் மிச்சம். ட்ரைவர் சீற்றை மட்டும் விட்டிட்டு.