டெல்லிக் குளிருக்கு மூடி உடுத்த வேண்டும், பார்க்கவும் நன்றாக இருக்க வேண்டும்: என்ன வாங்கலாம்?

தாமிரபரணிக்காரி கேட்டது:

ஜூலையில் வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து டெல்லி வந்தேன். லாஜ்பத் நகரில் ஒரு பி.ஜி. விடுதி, ஆபீஸ் கன்னாட் பிளேஸ் பக்கம். இதுவரை வெயிலும் வேர்வையும்தான், அது நமக்குப் புதிதில்லை. தீபாவளி முடிந்ததும் காலையில் ஒரு சிலுசிலுப்பு ஆரம்பித்திருக்கிறது. இதற்கே நான் துப்பட்டாவைத் தலையோடு சுற்றிக்கொண்டு மெட்ரோவுக்கு ஓடுகிறேன், பக்கத்து அறைப் பெண்ணோ இதெல்லாம் குளிரே இல்லை, டிசம்பர் கடைசியில் பார் என்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். முட்டிக்குக் கீழே வரும் தளர்வான குர்த்தா, பலாஸோ அல்லது சல்வார், மேலே துப்பட்டா, இதுதான் என் உடுப்பு. வீட்டில் யாரும் கட்டாயப்படுத்தவில்லை, எனக்கே அதுதான் பிடிக்கும். ஆபீஸ் விசேஷம் என்றால் புடவை. ஆனால் குளிருக்கு என்ன போடலாம் என்று இன்ஸ்டாகிராமில் தேடினால் குட்டை ஜாக்கெட், இறுக்கமான ஜீன்ஸ், முட்டி வரை பூட்ஸ் என்றே வருகிறது. இருக்கிற ஒரே ஸ்வெட்டரை (கொடைக்கானல் டூருக்கு வாங்கியது) குர்த்தா மேல் போட்டுப் பார்த்தேன். அது இடுப்போடு நின்றுவிடுகிறது, கீழே குர்த்தா குடை மாதிரி விரிந்து நிற்கிறது. துப்பட்டாவை ஸ்வெட்டருக்கு உள்ளே விடுவதா, வெளியே விடுவதா என்றுகூடத் தெரியவில்லை. டிசம்பரில் ஆபீஸ் தோழி ஒருத்தியின் கல்யாணம் வேறு இருக்கிறது, ராத்திரி, திறந்தவெளி லானில். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆறாயிரம் ரூபாய் வரை செலவு செய்யலாம் என்று இருக்கிறேன். அக்காமார்கள் சொல்லுங்கள்.

மயூர்விகார்வாசி:

தங்கச்சி, டெல்லிக் குளிரை டிகிரியை மட்டும் பார்த்து எடை போடாதே. ஜனவரியில் அதிகாலை சராசரியாக 7, 8 டிகிரிதான். 2021 புத்தாண்டு அன்று சஃப்தர்ஜங் வானிலை மையத்தில் 1.1 வரை இறங்கியது, ஆனால் அது எப்போதாவதுதான். பிரச்சினை என்னவென்றால் இங்கே வீடுகள் வெயிலுக்காகக் கட்டியவை, ஹீட்டர் வைத்த ஒரு அறையைத் தவிர மற்ற இடமெல்லாம் சில்லென்று இருக்கும், தெருவைவிட வீட்டுக்குள்தான் நடுக்கம் அதிகம். அதே நாள் மத்தியானம் வெயில் அடித்தால் 20 டிகிரி, ராஜீவ் சௌக்கில் மெட்ரோ மாறும் நெரிசலில் வேர்த்தே விடும். ஆகவே காலையிலிருந்து ராத்திரிக்குள் மேல் உடுப்பைப் பல தடவை கழற்றி மாட்டுவாய்.

உன்னை மாதிரி மூடி உடுத்துகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். பெரிய கோட் வாங்கியாகிவிட்டது, அது எல்லாவற்றையும் மறைத்துவிடும் என்று உள்ளே எதையோ போட்டுக்கொண்டு கிளம்பினால், ஆபீஸ் போய்க் கோட்டைக் கழற்ற முடியாமல் சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். கோட் குளிருக்கு மட்டும். கோட் இல்லாமலும் உனக்குக் கூச்சம் இல்லாத மாதிரி அதற்கு அடியில் இருக்கும் உடுப்பு இருக்க வேண்டும். அதனால் பணத்தை அடியிலிருந்து செலவு செய்ய ஆரம்பி.

முதலில் தெர்மல், அதாவது குளிருக்காக உள்ளே போடும் உடுப்பு. கடையில் இன்னர் என்று கேட்டால் எடுத்துப் போடுவார்கள். மெல்லியதாக, உடம்போடு ஒட்டியதாக, இரண்டு செட். தடியான ஒன்றைவிட மெல்லிய துணி மேல் மெல்லிய துணியாகப் போடுவதுதான் கதகதப்பு, நடுவில் காற்று சிறைபட்டு நிற்கும், பார்க்கவும் பருமனாகத் தெரியாது. கழுத்தைப் பார்த்து வாங்கு. குர்த்தா கழுத்துக்கு மேலே தெர்மலின் சாம்பல் விளிம்பு எட்டிப் பார்த்தால் எவ்வளவு நல்ல குர்த்தாவும் வீண். ஒன்று கழுத்து இறங்கியது எடு, இல்லை வெளியே தெரிந்தாலும் அழகாக இருக்கும் கறுப்பு ஹைநெக் எடு.

அடுத்து உல்லன் குர்த்தா. லூதியானாவிலிருந்து வருபவை, எல்லா மார்க்கெட்டிலும் கிடைக்கும். நேர் வெட்டாக எடு. உன் ஸ்வெட்டர் குடை விரிந்ததற்குக் காரணம் ஸ்வெட்டர் இல்லை, ஏ-லைன் குர்த்தாவாக இருக்கும். அதன் அகலம் இடுப்புக்குக் கீழேதான் தொடங்குகிறது, ஸ்வெட்டரின் பட்டி சரியாக அந்த இடத்தில் இறுக்குகிறது. நேர் வெட்டுக் குர்த்தாவுக்கு மேல் முன்பக்கம் திறந்த நீள கார்டிகன் போட்டுப் பார், விளிம்பு குர்த்தா விளிம்புக்குச் சமமாகவோ நான்கு விரல் மேலேயோ நிற்கட்டும். பாதித் தொடையில் நிற்பதைத் தொடாதே. ஏ-லைன் குர்த்தாக்களை இந்த வருஷம் மடித்து வைத்துவிடு.

துப்பட்டாவுக்கு மார்ச் வரை லீவு கொடு. அதற்குப் பதில் அகலமான கம்பளி ஸ்டோல். கழுத்தில் ஒரு சுற்று, இரண்டு முனையும் நெஞ்சின் மேல் நேராகத் தொங்கட்டும், அதற்கு மேல் கோட்டை மாட்டு. கோட்டைக் கழற்றினாலும் ஸ்டோல் அதே இடத்தில் இருக்கும். பலாஸோவை விட மனமில்லை என்றால் அடியில் உல்லன் லெக்கிங்ஸ் போட்டுக்கொள், இல்லாவிட்டால் காற்று கீழிருந்து ஏறும். என்னைக் கேட்டால் நேரான கார்டுராய் பேன்ட் அதைவிட எடுப்பு.

நிறம்: இரண்டு சீசனாகவே பழுப்பும் பர்கண்டியும்தான் ஓடுகின்றன, 2025-க்கு பான்டோன் என்ற நிற நிறுவனம் தேர்ந்தெடுத்த நிறமே மோக்கா மூஸ் என்ற பழுப்பு. நம் மாநிறத்துக்கு இவை அள்ளிக்கொண்டு போகும், அதனால் இந்த டிரெண்டை மட்டும் நான் முழு மனதோடு வரவேற்கிறேன். கோட் சாக்லேட் நிறம், உள்ளே குர்த்தா அதிலேயே கொஞ்சம் வெளிறியது, ஸ்டோல் மட்டும் பர்கண்டி என்று போனால் எத்தனை அடுக்கு போட்டாலும் ஆள் நீளமாகத் தெரிவாய். தரையைக் கூட்டும் ஃபர்ஷி சல்வாரும் இப்போது வந்திருக்கிறது. அழகுதான், மூடியும் இருக்கும், ஆனால் மெட்ரோ எஸ்கலேட்டருக்கு ஆகாது.

பழைய_கரோல்பாக்:

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? நல்ல பஃபர் ஜாக்கெட் ஒன்று, ஜீன்ஸ் ஒன்று, மங்கி கேப் ஒன்று. குளிர் இரண்டு மாதம்தான், பொங்கல் முடிந்தால் ஓடிவிடும்.

மயூர்விகார்வாசி:

அண்ணா, அவள் ஜீன்ஸ் போடுவதில்லை என்று எழுதியிருக்கிறாள், படித்தீர்களா? பொங்கல் சமயம்தான் இங்கே குளிர் உச்சம். மங்கி கேப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

காயல்_பெண்:

நான் ஓக்லா பக்கம், ஹிஜாபும் அபாயாவும் உடுத்துகிறவள். மேலே சொன்னதெல்லாம் சரி, ஒன்று விட்டுப் போயிருக்கிறது. இங்கே குளிரோடு காற்றும் வறண்டுவிடும், சிந்தெடிக் துணி உடம்போடு மின்சாரம் பிடித்த மாதிரி ஒட்டும். கடலோரத்தில் வளர்ந்த நமக்கு இது தெரியவே தெரியாது. தளர்வாக இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வாங்கிய பாலியஸ்டர் குர்த்தா, லெக்கிங்ஸோடு நாலு அடி நடப்பதற்குள் காலைச் சுற்றி ஒட்டிக்கொண்டு வடிவத்தையே காட்டும். இரண்டு சிந்தெடிக் துணி உரசுவதுதான் காரணம், அதனால் நடுவில் ஒரு காட்டன் ஸ்லிப் அல்லது பருத்திப் பாவாடை போட்டுவிடு, அடங்கும். காலுக்கு நன்றாக கிரீம் தேய்த்துவிட்டு உடுத்து. அவசரத்துக்கு ஸ்டீல் ஹேங்கரை உடுப்பின் உட்புறம் மேலிருந்து கீழே ஒரு தடவை ஓட்டினாலும் விட்டுவிடும்.

தலையை மூடுகிறவர்களுக்கு: ஷிஃபான் வழுக்கும், குளிரையும் தாங்காது. ஜெர்சி துணி காதை இறுக்கமாக மூடும், பின் அதிகம் வேண்டாம், மேலே குல்லா தேவையே இல்லை. தலை வழியாக மாட்டும் ஸ்வெட்டர் வாங்கவே வாங்காதே, ஒவ்வொரு தடவை கழற்றும்போதும் ஹிஜாபோ தலைமுடியோ மொத்தமாகக் கலையும், குர்த்தாவும் கூடவே மேலே ஏறி வரும். முன்னால் பட்டன் உள்ளதுதான் நமக்கு. தொழுகிறவர்கள் தெர்மல் வாங்கும்போது கைப்பட்டியை இழுத்துப் பார்த்து வாங்குங்கள். ஒளூ (தொழுகைக்கு முன் கைகால் கழுவுவது) செய்ய முழங்கை வரை ஏறாத இறுக்கமான கை என்றால், ஜனவரியில் ஈரக் கையோடு நாள் முழுக்க அவஸ்தைதான்.

ஆர்கேபுரம்_மாமி:

புடவைப் பக்கம் யாரும் வரவில்லையே, நான் வருகிறேன். குழந்தே, புடவை போல குளிருக்கு அடக்கமான உடுப்பு கிடையாது, உள்ளே என்ன போட்டிருக்கிறாய் என்று யாருக்கும் தெரியாது. பாவாடைக்கு அடியில் உல்லன் லெக்கிங்ஸ், ரவிக்கைக்குப் பதிலாகப் பின்னல் துணியில் தைத்த முழுக்கை உல்லன் பிளவுஸ். இங்கே ரெடிமேடாகவே விற்கிறது, கறுப்பும் மரூனும் இருந்தால் பாதிப் புடவைக்கு ஒத்துப்போகும். இந்தக் காலத்துப் பெண்கள் மெல்லிய ஹைநெக் ஸ்வெட்டரையே ரவிக்கையாகப் போடுகிறார்கள், காட்டன் புடவைக்கு அது நன்றாகவே இருக்கிறது. செருப்புக்கு ஏற்றபடி கட்டைவிரல் பிரிந்த சாக்ஸ் கிடைக்கும், பூட்ஸ் வாங்கும் செலவு மிச்சம்.

கல்யாணத்துக்கு வெல்வெட்டில் முழுக்கை பிளவுஸ் தைத்துக்கொள், கழுத்து மூடியதாக. அம்மாவிடம் சொல்லி ஒரு காஞ்சிபுரம் வரவழை. வெல்வெட்டும் பட்டும் சேர்ந்தால் வேறு எதுவும் வேண்டாம். இங்கே பராத் (மாப்பிள்ளை ஊர்வலம்) வந்து சேர்ந்து மாலை மாற்றவே ராத்திரி பதினொன்று ஆகும், லானில் அங்கங்கே ஹீட்டர் வைப்பார்கள், அதைச் சுற்றி மாப்பிள்ளை வீட்டார் நிற்பார்கள். ஸ்வெட்டரை மேலே மாட்டிப் பட்டை மறைக்காதே. தலைப்பைச் சின்ன மடிப்பாக இடது தோளில் பின் குத்திவிட்டு, சால்வையை நீளவாக்கில் இரண்டாக மடித்து வலது தோளில் போட்டு, முன்பக்க முனையை இடது முழங்கையில் தாங்கிக்கொள். கரை தெரியும், நெஞ்சும் மூடும், சாப்பிட வலது கைக்கும் இடைஞ்சல் இருக்காது.

சால்வை வாங்குவதில் மட்டும் ஏமாறாதே. நடைபாதையில் ஐந்நூறு ரூபாய்க்குப் பஷ்மினா என்பார்கள், மோதிரத்துக்குள் நுழைத்தும் காட்டுவார்கள். மெல்லிய எந்தத் துணியும் மோதிரத்தில் நுழையும், அது ஒரு அத்தாட்சியே இல்லை. குஞ்சத்திலிருந்து ஒரு நூலைப் பிய்த்துக் கொளுத்திப் பார்: கம்பளியானால் முடி பொசுங்கும் வாடை வந்து, சாம்பலைத் தேய்த்தால் பொடியாகும், அக்ரிலிக் என்றால் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். அசல் காஷ்மீர் பஷ்மினாவுக்குப் புவிசார் குறியீடு உண்டு, விலை உன் மொத்த பட்ஜெட்டைத் தாண்டும். அதற்குப் பதில் ஹிமாச்சலின் குல்லு சால்வை வாங்கு. நடுவில் ஒரே நிறம், கரையில் மட்டும் வண்ணக் கட்டங்கள், பட்டுக்கும் பொருந்தும், ஆபீஸ் குர்த்தாவுக்கும் பொருந்தும். உன் ஆபீஸிலிருந்து நடக்கிற தூரம்தான் பாபா கரக் சிங் மார்க், மாநில எம்போரியங்கள் (அந்தந்த மாநில அரசின் கைவினைக் கடைகள்) வரிசையாக இருக்கும், ஹிமாச்சல் கடைக்குப் போ.

மார்கழியில் எங்கள் ஆர்.கே. புரம் முருகன் கோயிலான மலை மந்திருக்கு வருவாயானால் பையில் இன்னொரு ஜோடி சாக்ஸ் எடுத்து வா. விடிகாலையில் கழுவிவிட்ட கருங்கல் தரையில் ஒரு சுற்று சுற்றினால் கால் மரத்துப் போகும்.

தாமிரபரணிக்காரி:

மாமி, வெல்வெட் பிளவுஸ் முடிவே செய்துவிட்டேன், அம்மாவிடம் இன்று ராத்திரியே போனில் சொல்கிறேன். காயல் அக்கா, அந்த ஒட்டுகிற சமாச்சாரம் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டது, ஏன் என்று இப்போதுதான் புரிந்தது. ஒரே சந்தேகம். நீளக் கோட்டை சரோஜினி நகரில் வாங்கலாமா, இல்லை நல்ல கடைக்கே போக வேண்டுமா? பட்ஜெட்டில் சால்வைக்கும் ஒதுக்க வேண்டும்.

மயூர்விகார்வாசி:

சரோஜினியே போதும், ஏற்றுமதியில் மிஞ்சியவை நிறைய வரும். ஆனால் போட்டுப் பார்க்க அறை இருக்காது, தெருவில் நின்றுதான் மாட்டிப் பார்க்க வேண்டும், அதனால் தெர்மலும் உல்லன் குர்த்தாவும் போட்டுக்கொண்டே போ. அதன் மேல் மாட்டிக் கையை முன்னால் நீட்டிப் பார், முதுகிலோ அக்குளிலோ பிடித்தால் ஒரு சைஸ் பெரிது எடு. வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை இருக்கிறதா, உள்துணி கிழிந்திருக்கிறதா, பட்டன் எல்லாம் இருக்கிறதா என்று பார். பெல்ட் கட்டுகிற மாடல் என்றால் பெல்ட்டைக் கட்டாமல் பின்னால் முடிந்து விடு, குர்த்தா மேல் தளர்வாக விழும். சொன்ன விலையில் பாதிக்குக் கீழே பேசு, கூச்சப்படாதே.

தெர்மல் மட்டும் அங்கே வேண்டாம், உன் லாஜ்பத் நகர் மார்க்கெட்டிலேயே கடையில் வாங்கு, சரியில்லை என்றால் மாற்றலாம். இரண்டு மார்க்கெட்டுக்கும் திங்கட்கிழமை லீவு. சனி, ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் சரோஜினியில் கால் வைக்க இடம் இருக்காது, காலையில் கடை திறக்கும்போதே போய்விடு.